வயலுக்கு நடுவே போகும் சாலை: தாரா, சிமெண்டா, பேவர் பிளாக்கா?

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் வரும் 36-ஆம் எண் சாலை, திருச்சியிலிருந்து தஞ்சாவூரைத் தொட்டு நாகப்பட்டினம் போகும் 83, சீர்காழி, காரைக்கால் என்று கடலோரமாக இறங்கும் 32. காவிரி டெல்டாவின் பாரத்தைச் சுமப்பவை இந்தத் தேசிய நெடுஞ்சாலைகள்தான். அவற்றை எப்படிப் போடுவது என்று நம்மைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஊருக்குள் வரும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் ஊர்க்காரர்கள் வாய் திறந்து பேச முடியும். நெல் கொள்முதல் நிலையத்து லாரியும் பள்ளிக்கூட வேனும் பிரசவ வலியில் போகும் ஆம்புலன்ஸும் அந்தத் துண்டைக் கடந்தால்தான் நான்கு வழிச் சாலைக்கே அர்த்தம்.

கிராம சபை நெருங்கும்போதெல்லாம் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கேட்பது ஒன்றைத்தான்: "தீர்மானத்தில் என்ன எழுதுவது? தார் ரோடா, சிமெண்ட் ரோடா, பேவர் பிளாக்கா?" எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் எதை முதலில் யோசிப்பது, எதை அப்புறம் யோசிப்பது என்பதில் சந்தேகமே இல்லை. டெல்டாவில் சாலையைக் கொல்வது மேலே ஓடும் லாரியைவிட அடியில் தேங்கும் தண்ணீர். தண்ணீர்க் கணக்கை முடிக்காமல் மேலே எதைப் போட்டாலும் அது ஊர்ப் பணத்தை வாய்க்காலில் கொட்டுவதுதான்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

### தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது?

சம்பா பட்டத்தில் சாலையின் இரு பக்கமும் மாதக்கணக்கில் வயலில் தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த மட்டம் இன்னும் ஏறும். ஏறி நிற்கும் நாளில் மின்கம்பத்திலோ மதகுச் சுவரிலோ பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடையில் சாலைப் பேச்சு எழும்போது அந்தக் கோடுதான் உங்கள் சாட்சி. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை வைத்து அந்தக் கோட்டிலிருந்து சாலை எவ்வளவு உயரம் என்று அரை மணி நேரத்தில் அளந்துவிடலாம்.

சாலையின் அடி மண்ணை இறுக்கி அமைக்கும் மேல் 30 செ.மீ. அடுக்கின் அடிமட்டம், உயர்ந்த தண்ணீர் மட்டத்துக்குக் குறைந்தது 60 செ.மீ. மேலே இருக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி அடுக்குகளும் தாரும் 35 முதல் 40 செ.மீ. வரை வரும். கூட்டிப் பார்த்தால், நீங்கள் போட்ட கோட்டைவிடச் சாலையின் மேல்பரப்பு ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகள் பலவற்றுக்கு இந்த உயரம் இல்லை. இல்லையென்றால் வழி இரண்டுதான்: மண் அடித்து உயர்த்துவது, அல்லது நனைந்தாலும் தாங்கும் மேற்பரப்பைத் தேர்ந்தெடுப்பது.

### அடியில் என்ன மண்?

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துப் பழைய டெல்டாவில் பெரும்பாலும் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் செம்மண்ணும் மணலும் கலந்த பூமி. சாலைக்கு அது தோழன். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரத்தில் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் உப்பு.

களி எவ்வளவு உப்பும் என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. காய்ந்த மண்ணைப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிவிட்டு 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது; அதுதான் அளவுகோல். அதில் மண் 12 மி.லி. கோட்டிலும் தண்ணீரில் 18 மி.லி. கோட்டிலும் நின்றால் உப்பல் 50 சதவீதம். அதற்கு மேல் போனால் அந்த மண்ணை வெறுமனே இறுக்கி அதன்மேல் சாலை போடக் கூடாது. 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு கலக்க வேண்டும், அல்லது நல்ல கிராவல் கொண்டுவந்து மண்ணையே மாற்ற வேண்டும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு நாளில் முடியும் சோதனை இது. பல லட்ச ரூபாய் முடிவுக்கு இதைக்கூடச் செய்யாமல் விடுவது தாங்க முடியாத அலட்சியம்.

### மேலே என்ன ஓடுகிறது?

கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. 500 மூட்டை ஏற்றினால் நெல் மட்டுமே 20 டன், லாரியின் எடை தனி. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு விழும் அடி ஏறத்தாழ 16 மடங்கு. நூறு மோட்டார் சைக்கிள் செய்யாத சேதத்தை ஒரு லாரி செய்யும். அதோடு டெல்டாவுக்கே உரிய மூன்று எதிரிகள் உண்டு: சேற்று உழவுக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர், பெல்ட் அறுவடை மிஷின், கோடையில் வாய்க்கால் தூர்வார வரும் பொக்லைன்.

### எத்தனை நாள் மூடலாம்? பிறகு யார் தோண்டுவார்கள்?

மாற்றுப் பாதை இல்லாத ஊருக்கு இது முதல் கேள்வி. குடிநீர்க் குழாய், கேபிள் என்று அடுத்த இரண்டு ஆண்டில் யாராவது தோண்ட வருவார்களா என்பது அடுத்தது. ஐந்து ஆண்டு கழித்து மேற்பரப்பைப் புதுப்பிக்கப் பணம் வரும் என்று நம்ப முடியுமா என்பதையும் இங்கேயே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும்.

## தார்ச் சாலை

ஒரு கிலோமீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம் என்று எடுத்துக்கொள்வோம். அடியில் 20 செ.மீ. கிராவல்–ஜல்லி அடுக்கு 750 கன மீட்டர். அதன்மேல் ஈரக்கலவை ஜல்லி 15 செ.மீ., 560 கன மீட்டருக்குச் சற்று மேல். மேலே 3 செ.மீ. தார்க் கலவை ஏறத்தாழ 260 டன். அதில் தார் மட்டும் 14 டன் வரும். டெல்டாவில் பாறை கிடையாது. ஜல்லி முழுக்கப் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே ஜல்லியில் கை வைப்பதுதான் இங்கே ஒப்பந்தக்காரருக்குப் பெரிய மிச்சம். தாரை எல்லாரும் பார்க்கிறார்கள். அடியிலிருக்கும் 35 செ.மீ. ஜல்லியை யாரும் பார்ப்பதில்லை. தார் போடுவதற்கு முன்பே 100 மீட்டருக்கு ஒரு குழி தோண்டி அளக்கச் சொல்லுங்கள்.

தார்ச் சாலையின் பெரிய பலம், வளைந்து கொடுப்பது. அடி மண் சற்று உட்கார்ந்தால் அதுவும் கூடவே உட்காரும், பெரிதாகப் பிளக்காது. ஆறியதும் வண்டி விடலாம். பழுது பார்ப்பதும் எளிது: பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, ஈர மண்ணை எடுத்து, ஓரங்களில் தார் தடவி, கலவை நிரப்பி இறுக்கினால் போதும்.

பலவீனம் தண்ணீர். ஜல்லியையும் தாரையும் பிரிப்பது அதுதான். டெல்டாவில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு ஒன்று உண்டு. பழைய களிமண் கரையின் நடுவில் பெட்டி மாதிரி வெட்டி, அதற்குள் ஜல்லியை நிரப்பி, மேலே தார் போடுகிறார்கள். இரு பக்கமும் களி, நடுவில் ஜல்லி. அது சாலை அல்ல, தொட்டி. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியேற வழி இருக்காது. லாரி ஏறும்போதெல்லாம் அடியில் குழம்பிய சேறு ஜல்லிக்குள் ஏறும். அடி அடுக்கை மட்டும் சாலையின் இரு சரிவு வரைக்கும் நீட்டிவிட்டால், தண்ணீர் தானாகப் பக்கத்தில் வடிந்துவிடும். மதிப்பீட்டில் சிறு தொகைதான் கூடும். தார்ச் சாலை கேட்கும் ஊர் இந்த ஒரு வரியைத் தீர்மானத்தில் எழுதாமல் விடவே கூடாது.

அடுத்தது கேஜ் வீல். இரும்புச் சக்கரத்தோடு டிராக்டர் ஒரு முறை போன தாரைக் குனிந்து பாருங்கள். ஏணிப்படி மாதிரி சாய்வான கீறல்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் பொடி ஜல்லி நொறுங்கி வெள்ளையாகத் தெரியும். அன்றைக்கு அது பெரிய சேதமாகப் படாது. புரட்டாசியில் மழை பெய்ததும் ஒவ்வொரு கீறலும் ஒரு சின்னக் குட்டை. தை மாதம் நெல் லாரி வரும்போது அந்தக் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து குழியாகிவிடும். இதற்கு மருந்து சாலைப் பொறியாளரிடம் இல்லை. ஒவ்வொரு 200 மீட்டருக்கும் வயலில் இறங்க ஒரு சாய்தளம் அமைத்து, சக்கரத்தை வயல் ஓரத்தில் மாட்டிக் கழற்றுவது என்று டிராக்டர்காரர்களோடு ஊர் பேசி முடிக்க வேண்டியது இது.

வேலை நடக்கும்போது கவனிக்க வேண்டியவை: கலவை வந்து இறங்கும்போது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும்; 90 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். 3 செ.மீ. கனமான பூச்சு சீக்கிரம் ஆறும். கலவை ஆலை தூரமாக இருந்தால் லாரியைத் தார்ப்பாயால் மூடித்தான் கொண்டுவர வேண்டும். அடியில் ஈரம் இருக்கும்போது போட்ட தார் அடுத்த ஆண்டு அப்பளமாகப் பெயரும். நடு முதுகிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு 2.5 முதல் 3 செ.மீ. சரிவு வேண்டும், சாலை ஓரத்து மண் அதைவிட உயர்ந்து நின்றால் அந்தச் சரிவால் பயனில்லை.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் கலந்த தார் முறை இங்கே பொருத்தமானது. சூடான ஜல்லியின் மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் போர்த்திக்கொள்ளும். தார் எடையில் 8 சதவீதம் வரை சேர்க்கலாம். அதன்பின் தண்ணீரால் தாரை எளிதில் பிரிக்க முடியாது. ஈரம் அதிகமான நம் பூமிக்கு இதைக் கேட்டு வாங்குவது நல்லது.

மறைமுகச் செலவு ஐந்தாம் ஆண்டில் வரும். மேற்பூச்சைப் புதுப்பிக்காவிட்டால் மயிரிழை வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, எட்டாம் ஆண்டில் அடித்தளத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. எந்தத் திட்டத்தில் பணம் வந்தாலும் அதே மாதிரி ஒரு பொறுப்பை ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

தாரே சரி: புது டெல்டாவின் செம்மண் பூமி, தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கும் நீண்ட சாலை, பேருந்து போகும் தடம், ஒரு பருவமழை பார்த்து உட்கார்ந்த புதுக் கரை.

## சிமெண்ட் சாலை

அதே ஒரு கிலோமீட்டருக்கு 18 செ.மீ. கனத்தில் 675 கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 7 மூட்டை என்றால் 4,700 மூட்டைக்கு மேல் சிமெண்ட். தொடக்கச் செலவு தாரைவிட அதிகம்தான். ஆனாலும் சிமெண்ட் ஆலைகள் உள்ள அரியலூரும் டால்மியாபுரமும் பக்கத்தில் இருப்பதால் சிமெண்டுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. கான்கிரீட்டே பாரத்தைப் பரப்பித் தாங்குவதால் அடியில் 15 செ.மீ. ஜல்லி அடுக்கு போதும். சரியாகப் போட்டால் 20 ஆண்டு என்று கணக்கிட்டு வடிவமைப்பது இது.

தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் மேற்பரப்பு கரையாது. கேஜ் வீல் கீறினாலும் ஆழமாக இறங்காது. பெல்ட் மிஷின் திரும்பும் இடத்தில் தார் சுருண்டுகொண்டு வரும், சிமெண்ட் அசையாது. கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி மணிக்கணக்கில் நிற்கும் இடத்துக்கும், பெட்ரோலும் டீசலும் சிந்தும் இடத்துக்கும் இதுதான். நெல் காயவைப்பவர்கள் இதைத்தான் விரும்புவார்கள். ஆனால் அது வண்டி ஓட்டுபவருக்கு ஆபத்து, களம் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

பலவீனம் என்னவென்றால், சிமெண்ட் வளையாது. அடி மண் ஓர் இடத்தில் இறங்கினாலும் கான்கிரீட் பலகை அந்தரத்தில் நிற்கும்; ஒருநாள் முறியும். வாய்க்கால் கரைமேல் போட்ட சிமெண்ட் சாலையில் இது அடிக்கடி நடக்கிறது. மேலே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். வாய்க்கால் பக்கமாக இறங்கிக் குனிந்து பார்த்தால்தான் பலகைக்கு அடியில் நண்டு வளை தெரியும். ஒவ்வொரு முறை வாய்க்காலில் தண்ணீர் ஏறி இறங்கும்போதும் அந்த வளை வழியாக மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கும். கையை விட்டால் முழங்கை வரை போகும். மேலே கம்பியால் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சத்தம் மாறி, வெறும் பானையைத் தட்டுவது போலக் கேட்கும். அந்த இடத்தில்தான் அடுத்த லோடு லாரி பலகையை உடைக்கும். வாய்க்கால் ஓரம் சிமெண்ட் போடுவதானால், அந்தப் பக்கம் தடுப்புச் சுவரோ கல் பதிப்போ சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் அந்த நீளத்துக்குச் சிமெண்ட் வேண்டாம்.

வேலையில் தவறுவது பெரும்பாலும் ஐந்து இடங்களில்:

- கனம். கான்கிரீட்டை அணைக்க ஓரத்தில் வைக்கும் சட்டம் 18 செ.மீ. உயரம் சரியாக இருக்கும். நடுவில் 12 தான் இருக்கும். கான்கிரீட் கொட்டும் முன் இரு ஓரத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி, 10 மீட்டருக்கு ஒரு முறை நடுவில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
- தண்ணீர். கலவை இளகலாக இருந்தால் ஆட்களுக்கு வேலை சுலபம். ஆனால் மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்டினால் வலு போய்விடும், மேலே சிமெண்ட் பால் படிந்து ஒரே ஆண்டில் தூசியாகப் பறக்கும். ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும்.
- இணைப்பு வெட்டு. 2.5 முதல் 3.75 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு ஆழம், 18 செ.மீ. பலகைக்கு 4.5 முதல் 6 செ.மீ. நம் வெயிலில் காலையில் போட்டதை அன்று சாயங்காலமோ இரவோ வெட்டிவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் கான்கிரீட் தானே தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொள்ளும். வெட்டின பிறகு தார் ஊற்றி அடைக்க மறப்பதும் சகஜம். தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.
- ஈரம் காத்தல். 14 நாள். களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், அல்லது வைக்கோலைப் பரப்பி நனைத்துக்கொண்டே இருக்கலாம். வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத பூமியில் சாலையைக் காயவிட்டுக் கெடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.
- உப்பு. கடலோர ஊர்களில் கலவைக்கும் நனைக்கவும் எடுக்கும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். சிமெண்ட், இரும்பு ஆலைக் கசடு அல்லது அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த வகையாக இருப்பது நல்லது. அடியில் பாலித்தீன் விரிப்பும் அவசியம்.

லோடு வண்டி விட 28 நாள் காத்திருக்க வேண்டும். மாற்றுப் பாதை இல்லாத ஊருக்கு இது சாதாரண விஷயமில்லை. பாதி அகலமாகப் போடலாம் என்று சொல்வார்கள், 3.75 மீட்டர் சாலையில் பாதி என்பது டிராக்டர்கூடப் போகாத அகலம். பக்கத்து வயலில் தற்காலிகப் பாதைக்கு மிராசுதாரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதுதான் நடக்கும் காரியம்.

ஊருக்குள் வந்தால் இன்னொரு மறைமுகச் செலவு. பழைய சாலைக்கு மேலேயே 18 செ.மீ. ஏற்றினால் தெருவின் மழைத் தண்ணீர் திண்ணை ஏறி வீட்டுக்குள் போகும். மூன்று தலைமுறையாக மழைக்கு அசையாத வீடுகள் ஒரே சாலை வேலையில் பள்ளமாகிவிடும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். தெருவில் சிமெண்ட் கேட்கும்போது, இருக்கும் மட்டத்தை மாற்றக் கூடாது என்று சேர்த்து எழுதுங்கள்.

சிமெண்டே சரி: உயர்த்த வழியில்லாத பள்ளப் பகுதி, வடிகால் கரைபுரண்டு சாலைமேல் ஓடும் இடம், கொள்முதல் நிலைய வாசல், பேருந்து நிற்கும் திருப்பம்.

## பேவர் பிளாக்

இது நெடும் பாதைக்கு அல்ல, தெருவுக்கு. அகலம் 3 மீட்டர், நீளம் 100 மீட்டர் என்றால் 300 சதுர மீட்டர். 20-க்கு 10 செ.மீ. கல் சதுர மீட்டருக்கு 50 வீதம் 15,000 கல் தேவைப்படும். வண்டி போகும் தெருவுக்கு 80 மி.மீ. கனம். 60 மி.மீ. நடைபாதைக்கும் கோவில் பிராகாரத்துக்கும் போதும். விலைப் புள்ளியில் கனத்தை எழுதாமல் விட்டால் 60 தான் வந்து இறங்கும்.

ஈரம் காக்க வேண்டாம், அன்றே நடக்கலாம். குழாய் பதிக்கத் தோண்டினால் கல்லை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு மறுபடி பதித்துவிடலாம். ஜல் ஜீவன் குடிநீர்க் குழாய் வேலை பாக்கியுள்ள தெருவில் சிமெண்ட் போட்டு ஆறு மாதத்தில் உடைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பழைய சாலையைத் தோண்டிவிட்டுப் பதிப்பதால் தெரு மட்டமும் உயராது.

இதன் உயிர் ஓரக் கல்லில் இருக்கிறது. இரு பக்கமும் கான்கிரீட் கட்டு இல்லாவிட்டால் ஓரக் கல் நகரும், பின்னாலேயே வரிசை முழுக்க வாய் பிளக்கும். அடியில் 2 முதல் 4 செ.மீ. பரு மணல் வேண்டும். கிரஷர் தூசி போட்டால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு சேறாகும். வடிகால் தண்ணீர் வேகமாகக் குறுக்கே ஓடும் இடத்தில் மணல் அரித்துப் போய்க் கற்கள் பல் விழுந்த மாதிரி இறங்கிவிடும்; அங்கே இது கூடாது. லோடு டிராக்டர் திரும்பும் முக்கில் கல்லை நேர் வரிசையாக அடுக்காமல் மீன்முள் வடிவில் அடுக்கச் சொல்லுங்கள்.

பேவரே சரி: வீடுகள் நெருங்கிய தெரு, குழாய் வேலை பாக்கியுள்ள இடம், பள்ளிக்கூட வாசல்.

## கப்பியும் கிராவலும்

மேலே தார் போடாமல் ஜல்லியோடோ கிராவலோடோ நிறுத்தும் இந்தச் சாலையை யாரும் கேட்பதில்லை. தார் வராத ரோடு ரோடே இல்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. ஆனால் இரண்டு இடங்களில் இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு கிடையாது.

ஒன்று, புதிதாக மண் அடித்து உயர்த்திய கரை. எவ்வளவு ரோலர் ஓட்டினாலும் களிமண் கரை ஒரு பருவமழையைப் பார்த்தால்தான் உட்காரும். முதல் ஆண்டு ஜல்லி அடுக்கோடு நிறுத்தி, மழை முடிந்து உட்கார்ந்த இடங்களை நிரப்பி, அடுத்த கோடையில் தார் போட்டால் சாலையின் ஆயுள் கூடும். இரண்டு கட்டமாகப் பணம் ஒதுக்க அதிகாரிகள் தயங்குவார்கள், ஊர் விடாமல் கேட்க வேண்டும்.

இரண்டு, வாய்க்கால் கரைப் பாதை. அந்தக் கரை நீர்வளத் துறையுடையது; அவர்கள் இசைவு இல்லாமல் ஊராட்சி எதையும் போட முடியாது. போட்டாலும் கோடைதோறும் தூர்வார வரும் பொக்லைன் இரும்புச் சங்கிலியோடு அதன்மேல்தான் நிற்கும், அள்ளின சேற்றையும் அதன்மேல்தான் கொட்டும். கிராவல் என்றால் தூர்வாரி முடிந்ததும் ஒரு நாளில் சமன் செய்துவிடலாம்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | தார் | சிமெண்ட் | பேவர் பிளாக் | கப்பி / கிராவல் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | நடுத்தரம் | அதிகம் | தெருவுக்கு நடுத்தரம் | குறைவு |
| தண்ணீர் தேங்கினால் | பிரியும் | தாங்கும் | தேங்கினால் தாங்கும், ஓடினால் அரிக்கும் | கரையும் |
| அடி மண் இறங்கினால் | கூடவே இறங்கும் | முறியும் | எடுத்துப் பதிக்கலாம் | நிரப்பலாம் |
| கேஜ் வீல், பெல்ட் மிஷின் | கீறும், சுருளும் | தாங்கும் | திருப்பத்தில் நகரும் | பாதிப்பு குறைவு |
| வண்டி விட | ஆறியதும் | லோடுக்கு 28 நாள் | பதித்து முடித்ததும் | உடனே |
| குழாய்க்குத் தோண்டினால் | ஒட்டுப் போடலாம் | ஒட்டாத வடு | பழையபடி ஆகும் | கவலை இல்லை |
| புதுப்பித்தல் | 5 ஆண்டுக்கு ஒரு முறை | இணைப்புகளை அடைத்தல் | மணல் நிரப்புதல் | ஆண்டுதோறும் |

## ஒரே சாலையில் கலந்து போடலாமா?

கலந்துதான் போட வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து ஊர்க்கோடி வரை 2.4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடான 1.7 கிலோமீட்டருக்குத் தார், வடிகால் குறுக்கிடும் 250 மீட்டர் பள்ளத்துக்கும் கொள்முதல் நிலைய வாசல் 100 மீட்டருக்கும் சிமெண்ட், தெரு 350 மீட்டருக்குப் பேவர். முழு நீளத்துக்கும் சிமெண்ட் கேட்டு நிதி இல்லை என்று திரும்பி வரும் தீர்மானத்தைவிட, இப்படிப் பிரித்து எழுதியது நிறைவேற வாய்ப்பு அதிகம். தாரும் சிமெண்டும் சேரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அடித்தள ஜல்லி இரண்டுக்கும் தொடர்ச்சியாக ஓட வேண்டும், நடுவிலுள்ள இடைவெளியைத் தாரால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் குழி அங்கேதான் விழும்.

எதைப் போட்டாலும் சாலைக்குக் குறுக்கே போகும் சிறுபாலங்களை எண்ணி எழுதுங்கள். பாசன வாய்க்கால் குழாயை யாரும் மறப்பதில்லை. தண்ணீர் வேண்டியவர் வந்து சண்டை போடுவார். வடிகாலுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் சாலையை உயர்த்தும்போது வடிகால் அடைபட்டு, மேல் பக்கத்து சம்பா பயிர் மூழ்குகிறது. வடிகாலில் 600 மி.மீ.க்குக் குறைந்த குழாய் வைத்தால் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்ட பிறகு சுத்தம் செய்யவே முடியாது. குழாயின் அடிமட்டம் வடிகால் தரையை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு சாண் மேலே வைத்த குழாய் ஒரு சாண் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி வைக்கும்.

## எப்போது தீர்மானம், எப்போது வேலை?

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறக்கும். நடுவே நாலரை மாதம். அதில் பிப்ரவரி முழுக்க அறுவடையும் கொள்முதலும் நடக்கும், சாலையை மூட முடியாது. மிஞ்சுவது மார்ச் முதல் மே வரை. தூர்வாரும் வேலையும் அதே மாதங்களில்தான். சாலையை முடித்த பிறகு பொக்லைன் வந்தால் புதுச் சாலை ஒரே நாளில் போய்விடும். ஆகவே முதலில் தூர்வாரி, வடிகால் குழாய்களை மாற்றி, அதன்பிறகு சாலை என்று வரிசை போட வேண்டும். சிமெண்ட் பகுதியை ஏப்ரல் முடிவதற்குள் ஊற்றினால்தான் 28 நாள் கழிந்து, ஆற்றில் தண்ணீர் வரும்போது வண்டி ஓடும்.

மார்ச்சில் வேலை தொடங்க வேண்டுமானால் அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற வேண்டும். மே 1-இல் போட்ட தீர்மானத்துக்கு வேலை உத்தரவு ஐப்பசியில் வந்து, மழையில் தார் போடும் அவலம் நடக்கும். அக்டோபர், நவம்பரில் கூடுவதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. தண்ணீர் அப்போது சாலை ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும். எந்த 250 மீட்டர் மூழ்குகிறது என்று உதவிப் பொறியாளரை அழைத்துப் போய் நேரிலேயே காட்டி, மின்கம்ப எண்ணோடு தீர்மானத்தில் எழுதிவிடலாம்.